உடல் சொல்லும் சாட்சி

கி.பி. 370 வாக்கில், இன்றைய அல்ஜீரியாவின் சூக் அஹ்ராஸ் நகரம் இருக்கும் இடத்தில் தகாஸ்தே என்றொரு சிற்றூர் இருந்தது. அங்கே பாத்ரீசியுஸ் என்பவர் தன் 16 வயது மகனை ஓராண்டு படிப்பை நிறுத்தி வீட்டோடு வைத்திருந்தார். கார்த்தேஜுக்கு மேற்படிப்புக்கு அனுப்பப் பணம் சேரவில்லை. ஒருநாள் பொதுக் குளியலகத்தில் மகன் ஆளாகிவிட்டதைக் கவனித்தார். பேரனே பிறந்துவிட்ட பூரிப்போடு வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னார். கிறிஸ்தவப் பக்தையான மோனிக்காவுக்கோ வயிற்றைக் கலக்கியது. மகனைத் தனியே அழைத்து, தவறான உறவுகள் வேண்டாம் என்று எச்சரித்தார்.

அந்தப் பையன்தான் பின்னாளில் புனித அகஸ்டின். தன் நாற்பதுகளில் எழுதிய 'ஒப்புதல்கள்' நூலின் இரண்டாம் பகுதியில் அவரே இதைப் பதிவு செய்திருக்கிறார்.

ஒரே உடலைப் பார்த்து அப்பா வம்சத்தைப் படித்தார், அம்மா ஆபத்தைப் படித்தார். பிள்ளையிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. அகஸ்டின் பிறகு தன் பங்குக்கு மூன்றாவதாக ஒன்றைப் படித்தார். மனித உடல் மனித விருப்பத்துக்குக் கட்டுப்படாமல் போனது, ஆதாம் கடவுளுக்குக் கட்டுப்படாமல் போனதற்குக் கிடைத்த தண்டனை என்று 'கடவுளின் நகரம்' நூலில் வாதிட்டார். தூக்கத்தில் வரும் கனவுகள்கூட அவரை விடவில்லை. விழித்திருக்கும்போது மறுப்பதைக் கனவில் ஏற்கிறேனே, அப்போது நான் நானில்லையா என்று ஆயராக இருந்த காலத்திலும் கேட்டுக்கொண்டிருந்தார்.

பருவமடைவது கேட்காமலேயே வந்து சேரும் மாற்றம். குரல் மாறுகிறது, தோள் அகலுகிறது, மீசை அரும்புகிறது. எதையும் பையன் தேர்ந்தெடுப்பதில்லை. ஆனால் அந்த அடையாளங்களை வைத்துத்தான் உலகம் அவனிடம் கணக்குக் கேட்கத் தொடங்குகிறது: இனி உன் பாவம் உன்னுடையது, உன் சொத்து உன்னுடையது, உன் குற்றமும் உன்னுடையது. உடல் முதிர்வது எதற்குச் சாட்சி? அறிவு முதிர்ந்ததற்கா, வேறு எதற்காவதா? மதவாதிகளும் சட்ட அறிஞர்களும் ஈராயிரம் ஆண்டுகளாக இதில் முட்டி மோதியிருக்கிறார்கள்.

ரோமில் இது இரண்டு சட்டப் பள்ளிகளுக்கு இடையிலான சண்டையாகவே நடந்தது. பருவம் எய்தாத அநாதைப் பையனின் சொத்தைக் காப்பாளர் பார்த்துக்கொள்வார். பருவம் எய்திய நாளில் காப்பு முடிந்துவிடும். அந்த நாள் எது? உடலைப் பார்த்துச் சொல்லலாம் என்றார்கள் சபீனியர். 14 வயது நிறைந்தால் போதும், உடலைப் பார்க்க வேண்டியதில்லை என்றார்கள் புரோக்குலியர். வயதும் வேண்டும், அடையாளமும் வேண்டும் என்று பிரிஸ்குஸ் என்ற அறிஞர் நடுவில் நின்றார். இரண்டாம் நூற்றாண்டில் காயுஸ் என்ற சட்ட அறிஞர் தன் பாடநூலில் எழுதும்போதும் வழக்கு முடிந்திருக்கவில்லை. கடைசியில் 529இல் பேரரசர் ஜஸ்டினியன் தீர்த்து வைத்தார். பெண்பிள்ளைகளின் உடலைச் சோதிப்பது நாகரிகமில்லை என்று முன்னோர் கருதி 12 வயது என்று வைத்தார்களே, ஆண்பிள்ளைகளுக்கு மட்டும் அந்த மானம் கிடையாதா என்பது அவர் வாதம். ஆணுக்கு 14 என்று எண் நிலைத்தது.

யூத மரபு இரண்டையும் முடிச்சுப் போட்டது. 13 வயதும் ஒரு நாளும் ஆன பையன் கட்டளைகளுக்குக் கட்டுப்பட்டவன். ஆனால் உடலில் குறைந்தது இரண்டு முடியாவது முளைத்திருக்க வேண்டும். முளைக்காமலே போனால்? 20 வயதுவரை பொறுக்கலாம் என்றது ஹில்லேலின் மரபு, 18 போதும் என்றது ஷம்மாயின் மரபு. யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவில் இரண்டும் பதிவாகியிருக்கின்றன. பின்னர் வந்த பாபிலோனிய அறிஞர் ராவா ஒரு வழி சொன்னார்: வயது வந்துவிட்டால் அடையாளமும் வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்ளலாம். சோதனை பெரும்பாலும் ஏட்டோடு தங்கிப்போனது.

இஸ்லாத்தில் கதை ஒரு போர்க்களத்தில் தொடங்குகிறது. உஹதுப் போருக்கு 14 வயதில் வந்து நின்ற இப்னு உமர் என்ற பையனை நபிகள் திருப்பி அனுப்பினார். அகழ்ப் போருக்கு 15 வயதில் வந்தபோது சேர்த்துக்கொண்டார். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழித்து இந்தச் செய்தியைக் கேட்ட கலீஃபா உமர் இப்னு அப்துல் அஜீஸ், சிறியவருக்கும் பெரியவருக்கும் இதுதான் எல்லை என்று ஆளுநர்களுக்கு எழுதினார். ஷாஃபி, ஹன்பலி சட்டப் பள்ளிகளில் 15 என்பது இப்படி வந்தது. அதற்கு முன்பே கனவில் விந்து வெளிப்பட்டால் அன்றே பையன் பாலிக், அதாவது பருவமெய்தியவன்; தொழுகையும் நோன்பும் அவன் மேல் கடமை. அடையாளம் எதுவும் தெரியாத ஆண்பிள்ளைக்குச் சட்ட அறிஞர் அபூ ஹனீபா 18 வரை அவகாசம் கொடுத்தார். எந்தக் கனவு அகஸ்டினை ஆயரான பின்னும் உறுத்தியதோ, அதே கனவுக்கு இங்கே குற்றமில்லை. குளித்தால் போதும்.

அதே நேரம் குர்ஆன் ஒரு நுட்பமான கோடு கிழிக்கிறது. நான்காம் அத்தியாயத்தின் ஆறாம் வசனப்படி, அநாதைகள் திருமண வயதை அடைந்தால் மட்டும் போதாது. அவர்களைச் சோதித்துப் பார்த்து, விவேகம் தெரிந்த பிறகே சொத்தை ஒப்படைக்க வேண்டும். நோன்பு நோற்க உடல் போதும், பணத்தைக் கையாள அறிவு வேண்டும் என்று கடமைகள் இரண்டாகப் பிரிந்தன.

இந்திய மரபில் 16 என்ற எண் திரும்பத் திரும்ப வரும். மனு, பிராமணப் பையனுக்கு முதல் முகச்சவரச் சடங்கான கேசாந்தத்தை 16ஆம் ஆண்டில் வைக்கிறார். க்ஷத்திரியனுக்கு 22, வைசியனுக்கு 24. பிறந்த சாதியைப் பார்த்து மீசை முளைக்காது என்பது அவருக்குத் தெரியாதிருக்காது. சடங்கின் கணக்கு வேறு, உடலின் கணக்கு வேறு. வான்மீகத்தில் விசுவாமித்திரர் வந்து ராமனைக் கேட்கும்போது தசரதன் சொல்லும் முதல் சமாதானமும் இதுவே: என் பிள்ளைக்கு இன்னும் 16 ஆகவில்லை. திருக்கடையூர்க் கதையில் மார்க்கண்டேயனுக்கு விதித்த ஆயுளே 16 ஆண்டுதான். எமனை உதைத்துச் சிவன் கொடுத்த வரம் அவனை அதே வயதில் நிறுத்தியது. 'என்றும் பதினாறு' என்று வாழ்த்துகிறவர்கள் அந்த வயதின் முகப்பருவையும் உடைந்த குரலையும் சேர்த்து நினைப்பதில்லை.

உலாவுக்கு இலக்கணம் சொன்ன தமிழ்ப் பாட்டியல் நூலார் இன்னும் கூர்ந்து பார்த்தார்கள். பெண்ணுக்குப் பேதை முதல் பேரிளம்பெண் வரை ஏழு பருவம் வகுத்ததுபோல் ஆணுக்கும் வகுத்தார்கள்: பாலன், மீளி, மறவோன், திறலோன், காளை, விடலை, முதுமகன். மறவோனுக்கு 14 வயது எல்லை. திறலோனுக்கு 15, காளைக்கு 16, ஒவ்வொன்றும் ஓராண்டுதான். விடலைக்கோ 30 வரை நீட்டிக் கொடுத்தார்கள். ஓராண்டுக்கு ஒரு பெயர் தேவைப்படும் அளவுக்கு ஆள் மாறுகிற இடம் எது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

இத்தனை எண்களுக்கும் அடியில் இருக்கும் உடல் உண்மையில் எப்படி நடந்துகொள்கிறது?

ஆண் குழந்தை பிறந்த முதல் சில மாதங்களில் அவன் உடலில் டெஸ்டோஸ்டிரோன் கணிசமாகச் சுரக்கிறது. ஆறு மாதத்துக்குள் அடங்கிவிடுகிறது. அதாவது இயந்திரம் பிறந்தபோதே ஓடிப் பார்த்துவிட்டது. மூளைதான் பிரேக் போட்டு வைத்திருக்கிறது. பருவமடைவது என்பது அந்தப் பிரேக்கை விடுவது. மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதியிலிருந்து ஜிஎன்ஆர்ஹெச் என்ற ஹார்மோன் விட்டுவிட்டுத் துடிப்பாக வெளிப்படத் தொடங்குகிறது, முதலில் இரவுத் தூக்கத்தில் மட்டும். அது பிட்யூட்டரியை எழுப்ப, பிட்யூட்டரி விரைகளை எழுப்புகிறது. வெளியில் யாருக்கும் எதுவும் தெரியாத இந்தத் தொடக்கம் 9 வயதிலும் வரலாம், 14 வயதிலும் வரலாம், இரண்டும் இயல்புதான். உயரம் வேகமெடுத்து ஆண்டுக்கு ஒன்பது, பத்து சென்டிமீட்டர் கூடுவதும், குரல் உடைவதும், தாடி வருவதும் அதன் பிறகு ஒவ்வொன்றாக.

பிரேக்கை விடச் சொல்வது யார்? பெரும்பங்கு பரம்பரை, அப்பா தாமதமாக வளர்ந்தவர் என்றால் மகனும் பெரும்பாலும் அப்படியே. அடுத்தது சாப்பாடு. உடலில் போதுமான கொழுப்பு இருக்கிறது என்று லெப்டின் என்ற ஹார்மோன் மூளைக்குச் செய்தி சொல்லாதவரை வேலை தொடங்குவதில்லை. தலசீமியா, சீலியாக் நோய், நாட்பட்ட சிறுநீரகக் கோளாறு என எதுவும் கடிகாரத்தைத் தள்ளிப்போடும். இன்னொரு வினோதமும் உண்டு. ஜிஎன்ஆர்ஹெச் நரம்பணுக்கள் கருவிலேயே மூக்குப் பகுதியில் பிறந்து மூளைக்கு நடந்து போகின்றன. வழியில் அவை தங்கிவிட்டால் அந்தப் பையனுக்கு வாசனையும் தெரியாது, பருவமும் வராது. 1944இல் ஃபிரான்ஸ் கால்மன் விவரித்ததால் இது அவர் பெயரால் அழைக்கப்படுகிறது. 2003இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே, பருவமே வராத குடும்பங்களை ஆராய்ந்து, கிஸ்பெப்டின் என்ற மூலக்கூறின் ஏற்பியில் பிழை இருப்பதைக் கண்டன. அந்த மூலக்கூறுக்குப் பெயர் வந்தது, அது கண்டுபிடிக்கப்பட்ட பென்சில்வேனிய ஊரான ஹெர்ஷியின் 'கிஸ்ஸஸ்' சாக்லேட்டிலிருந்து.

கடிகாரம் காலத்துக்குக் காலம் நகர்கிறது என்பதற்கு நல்ல சாட்சி தேவாலயங்களே. பாடகர் குழுவில் பையன்களின் குரல் எப்போது உடைந்தது என்பதை அவை பதிவு செய்து வைத்திருக்கின்றன. லைப்சிக் நகரில் யோகான் செபாஸ்டியன் பாக் நடத்திய குழுவின் 1727 முதல் 1749 வரையிலான ஏடுகளை 1970இல் ஆராய்ந்தபோது, பையன்களின் குரல் 16 வயதுக்கும் 18க்கும் இடையில் உடைந்தது தெரியவந்தது. ஆஸ்திரிய வாரிசுரிமைப் போர் நடந்த ஆண்டுகளில் அது மேலும் தள்ளிப்போயிருந்தது. வியன்னாவில் புனித ஸ்டீபன் பேராலயத்தில் பாடிய ஜோசப் ஹைடன் 1749 இறுதியில் வெளியே அனுப்பப்பட்டபோது அவருக்கு வயது 17. பையன் பாடவில்லை, கத்துகிறான் என்று மகாராணி மரியா தெரேசா குறை சொன்னதாகக் கதை. கோபன்ஹேகன் பாடகர் பள்ளியில் 1994 முதல் 2003 வரையான பதிவுகளிலோ சராசரி 14 வயதை ஒட்டி இருந்தது; அந்தப் பத்தாண்டுக்குள்ளேயே அது சில மாதங்கள் முன்னே நகர்ந்தும் விட்டது.

தமிழ்நாட்டு நாடகக்காரர்களுக்கும் இந்தக் கணக்கு பழக்கம். 1918இல் மதுரையில் சங்கரதாஸ் சுவாமிகள் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை போன்ற பாய்ஸ் கம்பெனிகளில், உச்சத்தில் பாடிக்கொண்டிருந்த ராஜபார்ட், ஸ்திரீபார்ட் பையன்கள் பயந்தது ஒன்றுக்குத்தான்: பருவத்தில் குரல் உடையும் மகரக்கட்டு. தொண்டை கட்டிக்கொண்டால் வேஷம் போயிற்று.

லைப்சிக்கின் 17 வயதுப் பையனும் கோபன்ஹேகனின் 14 வயதுப் பையனும் உடலளவில் ஒரே படியில் நிற்கிறார்கள். இருவரையும் பிரித்தது ஒழுக்கமில்லை, அறிவில்லை. பெருமளவில் ரொட்டியும் பாலும் நோயற்ற குழந்தைப் பருவமும்தான். சபீனியர் சொன்னபடி உடலைப் பார்த்துப் பொறுப்பைக் கொடுத்தால், வசதியான வீட்டுப் பையனுக்குப் பாவபுண்ணியம் இரண்டு மூன்று ஆண்டு முன்னதாகவே தொடங்கிவிடும். பட்டினி கிடந்தவன் அதுவரை குழந்தையாகவே இருப்பான். ஜஸ்டினியன் வெட்கம் கருதி விலக்கிய சோதனையை, நியாயம் கருதியும் விலக்கியிருக்க வேண்டும் என்று இன்றைய உடலியல் சொல்கிறது.

ஆனாலும் சோதனை போகவில்லை. வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு திரும்பி வந்தது. 1948 முதல் இங்கிலாந்தின் ஹார்பென்டனில் இருந்த ஓர் அநாதைக் குழந்தைகள் இல்லத்தில் குழந்தை வளர்ச்சி ஆய்வாளர் ஜேம்ஸ் டேனர் பிள்ளைகளைத் தொடர்ந்து அளந்தார். பருவ வயதில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை உடையின்றிப் படமும் எடுக்கப்பட்டது. இன்று உலகெங்கும் குழந்தை மருத்துவர்கள் பயன்படுத்தும் ஐந்து 'டேனர் நிலைகள்' அங்கிருந்து வந்தவை. அந்தப் பிள்ளைகளுக்காக மறுத்துப் பேசப் பெற்றோர் பக்கத்தில் இல்லை. 228 பையன்களைப் பற்றி டேனரும் உடன் ஆய்வாளர் மார்ஷலும் 1970இல் வெளியிட்ட கட்டுரையின் முக்கியச் செய்தி, ஒரே வயதில் ஒருவன் எல்லாம் முடித்துவிட்டிருப்பான், இன்னொருவன் தொடங்கியே இருக்க மாட்டான், இருவருமே ஆரோக்கியமானவர்கள் என்பது. நீதிமன்றங்கள் இந்த நிலைகளை வைத்து ஒருவரின் வயதைக் கணிக்கத் தொடங்கியபோது டேனரே முன்வந்தார். இது வயதைக் கணிக்கும் கருவியில்லை, தவறாகப் பயன்படுத்துகிறீர்கள் என்று 1998இல் 'பீடியாட்ரிக்ஸ்' இதழில் அவரும் ரோசன்புளூமும் கடிதம் எழுதினார்கள்.

தமிழ் வீடுகளில் சிக்கல் வேறு விதம். பெண் வயதுக்கு வந்தால் பந்தல் போட்டு, தாய்மாமன் சீர் வந்து, ஊருக்கே ஃப்ளெக்ஸ் வைத்துச் சொல்வார்கள். அது அவளுக்குத் தரும் கூச்சம் தனிக் கதை. பையனுக்கோ ஒரு வார்த்தையும் கிடையாது. பல பிள்ளைகளுக்கு முதல் பாடம் சொல்வது நள்ளிரவு டிவியில் வரும் 'டாக்டர்'தான். கனவில் விந்து போனால் நரம்பு தளரும், முகம் ஒட்டும், வாழ்க்கை போயிற்று என்று அவர் மிரட்ட, இயல்பான ஒன்றுக்காகப் பையன் லேகியம் வாங்குகிறான். தாது நஷ்டமாகிறது என்ற இந்தப் பயத்தால் சோர்வும் படபடப்பும் வந்து சிகிச்சைக்கு வருகிறவர்களைப் பார்த்துத்தான், 1960இல் மனநல மருத்துவர் என்.என். விக் 'தாத் சிண்ட்ரோம்' என்று அதற்கு ஒரு பெயரே வைத்தார். விந்துவைக் காப்பது யோகியின் விரதமாக இருந்தவரை அது அவர் விரும்பி ஏற்றது. அதையே 14 வயதுப் பையனின் உடல்மேல் சட்டமாகப் போடும்போது, தூக்கத்துக்கும் அவன் பதில் சொல்ல வேண்டியதாகிறது.

வயதுச் சான்றுக்கு வருவோம். பிறந்த தேதி தெரியாத பையன் குற்ற வழக்கில் சிக்கினால் இந்தியாவில் என்ன செய்கிறார்கள்? 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் 94ஆம் பிரிவில் வரிசை சொல்கிறது: முதலில் பள்ளிச் சான்றிதழ், அது இல்லையென்றால் மாநகராட்சியோ பஞ்சாயத்தோ கொடுத்த பிறப்புச் சான்றிதழ், இரண்டும் இல்லாதபோதுதான் எலும்பு முதிர்ச்சிச் சோதனை. கையையும் மணிக்கட்டையும் எக்ஸ்ரே எடுத்து, எலும்பு நுனிகளில் இருக்கும் வளர்ச்சிக் குருத்து மூடிவிட்டதா என்று பார்ப்பார்கள். இந்த முறையில் முன்பின் இரண்டு ஆண்டு பிழை வரலாம் என்று 1982இலேயே உச்ச நீதிமன்றம் குறிப்பிட்டிருக்கிறது. உலகெங்கும் ஒப்பிடப் பயன்படும் கிரூலிக்-பைல் எக்ஸ்ரே தொகுப்போ, 1930களில் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் வசதியாக வளர்ந்த வெள்ளைக் குடும்பப் பிள்ளைகளின் கைகளை வைத்து உருவானது.

அந்தக் குருத்தை மூடுவது எது என்பதும் நீண்ட காலம் தெரியவில்லை. ஆணுக்கு ஆண் ஹார்மோன்தான் மூடும் என்று நம்பியிருந்தார்கள். 1994இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் 28 வயது ஆண் ஒருவரைப் பற்றிய அறிக்கை வந்தது. உயரம் 204 சென்டிமீட்டர், இன்னும் வளர்ந்துகொண்டிருந்தார். டெஸ்டோஸ்டிரோனில் குறையில்லை. ஈஸ்ட்ரோஜன் ஏற்பிக்கான மரபணுவில்தான் பிழை. பெண் ஹார்மோன் என்று பெயர் வாங்கிய அதுதான் ஆணின் வளர்ச்சிக்கும் முற்றுப்புள்ளி வைக்கிறது என்பது அப்போது உறுதியானது. எக்ஸ்ரேயில் அவர் எலும்பின் வயது 15. மார்க்கண்டேயனுக்குக் கிடைத்தது வரம். இவருக்குக் கிடைத்தவை முட்டி தட்டும் கால்களும் நொய்ந்த எலும்பும். எலும்பை மட்டும் நம்பும் நீதிமன்றம் ஒன்று இருந்தால், அதன் முன் அவர் சிறுவர்.

2012 டெல்லி கூட்டுப் பாலியல் வன்கொடுமை வழக்கில் இந்தக் கேள்வி தெருவுக்கே வந்தது. குற்றம் சாட்டப்பட்டவர்களில் ஒருவனுக்கு 18 நிறையச் சில மாதங்கள் இருந்தன. எலும்புச் சோதனை வேண்டும் என்ற கோரிக்கையை ஏற்காமல், பள்ளிப் பதிவேட்டையே ஏற்றது சிறார் நீதி வாரியம். புரோக்குலியரின் வழி. பொங்கிய கோபத்தின் நீட்சியாக 2015 டிசம்பரில் நிறைவேறிய புதிய சட்டமோ இடையில் ஒரு கதவைத் திறந்தது. 16 முதல் 18 வரையுள்ள பையன் கொடுங்குற்றம் செய்ததாகப் புகார் வந்தால், அதைச் செய்யும் மனத்திறனும் உடல்திறனும் அவனுக்கு இருந்தனவா, விளைவை உணரும் ஆற்றல் இருந்ததா, எந்தச் சூழலில் செய்தான் என்று வாரியம் முதல்கட்ட மதிப்பீடு செய்ய வேண்டும். அதைப் பொறுத்து அவனைப் பெரியவர்களைப் போல விசாரிக்கலாம். உடல்திறன் என்ற வடிவில் சபீனியர் மறுபடி உள்ளே வந்தார்கள். விளைவை உணர்தல் என்ற வடிவில் அநாதைகளைச் சோதிக்கச் சொன்ன வசனமும் வந்தது. 2022 ஜூலையில் உச்ச நீதிமன்றம் இந்த இரண்டையும் பிரித்துக் காட்டியது. மனத்திறன் இருப்பதால் மட்டும் விளைவை உணரும் ஆற்றலும் இருந்ததாகிவிடாது என்றது; மதிப்பீட்டில் உளவியல் நிபுணரின் உதவி வேண்டும், அதற்கு வழிகாட்டு நெறிகள் வேண்டும் என்றது.

நரம்பியல் சொல்வதும் அதற்கு ஒத்துப்போகிறது. ஆசையையும் அவசரத்தையும் தூண்டும் மூளைப் பகுதிகள் பருவத்தோடு சேர்ந்து விழித்துவிடுகின்றன. நிதானிக்க வைக்கும் மூளையின் முன்நெற்றிப் பகுதி முதிர்ந்து முடிய இருபதுகளின் நடுவரை ஆகிறது. நல்ல சாப்பாடு முதலாவதை முன்னே இழுத்திருக்கிறது. இரண்டாவது அதே அளவுக்கு முன்னே வந்ததாகத் தெரியவில்லை. பாக்கின் பையன்களைவிட இன்றைய பையனுக்கு இந்த இடைவெளி சில ஆண்டுகள் கூடுதல்.

மதிப்பீட்டை முடிக்கச் சட்டம் வாரியத்துக்குக் கொடுத்திருக்கும் காலம் மூன்று மாதம். தாமதமாக வளரத் தொடங்கிய பையன் அதற்குள் இரண்டு சென்டிமீட்டர் உயர்ந்துவிடுவான், குரல் இறங்கியிருக்கும், மீசை கறுத்திருக்கும். வாரியத்தினர் முன்னால் வந்து நிற்பது அந்தப் பையன். அவர்கள் பதில் சொல்ல வேண்டியதோ சம்பவம் நடந்த நாளன்று இருந்தவனைப் பற்றி.